உப்புமில்லை, உறைப்புமில்லை

இப்போதெல்லாம் ஜனங்கள் சாப்பாட்டை வாயால் சாப்பிடுவதில்லை. முதலில் போன் சாப்பிடுகிறது. இலையில் சோறு விழுந்ததும் ஒருத்தன் எழுந்து நின்று படம் எடுக்கிறான், இன்னொருத்தி தலையைச் சாய்த்து எடுக்கிறாள். எல்லாம் ஆறிப்போன பிறகு உட்கார்ந்து கொறிக்கிறார்கள். பக்கத்து இலைக்காரனுக்குக் குழம்பு வந்ததா என்று கேட்க நாதி இல்லை. கேட்டால் நம்மைப் பட்டிக்காட்டான் என்கிறார்கள்.

டீ வேண்டாம் தாயி. குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு காரியம் பேச உட்கார்ந்தால் பேச்சு முடிகிற வரைக்கும் நாங்கள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை. சம்பந்தம் பேசப் போனால் அது இன்னும் கண்டிப்பு. அவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் "இருக்கட்டும், பேசி முடிப்போம்" என்போம். பேச்சு சரிப்பட்டால் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டில் கை நனைப்போம். கை நனைத்துவிட்டால் சம்மதம். அதற்குப் பிறகு மாற்றிப் பேசுகிறவனை ஊரில் மனுஷனாகச் சேர்க்க மாட்டார்கள். நீங்கள் எந்தப் பக்கத்து இன்ஸ்பெக்டர் என்று தெரியாததால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

என் பெயர் தவசி. வயது அறுபத்தொன்பது. மூன்றாம் வகுப்பு வரை போனேன். கையெழுத்துப் போடுவேன். ஆனால் நீங்கள் எழுதியதை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துத்தான் போடுவேன். நான் ஒன்று சொல்ல ஒன்று எழுதுகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திருச்சுழிக்குத் தெற்கே எட்டு ஏக்கர் கரிசல், ஒரு தண்ணீர் வற்றின போர், வீடு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவள் என் வீட்டுக்காரி பேச்சி. அவள் சொன்னதை முன்னாடியே எழுதியிருப்பீர்கள். அதில் தப்பு ஒன்றும் இருக்காது. அவள் பொய் சொல்ல மாட்டாள்.

எங்களுக்கு ஒரே பெண், முருகலட்சுமி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தை மாதம் கொத்தமல்லி அறுப்பு முடிந்ததும் போன் போட்டாள். "அப்பா, நீங்களும் அம்மாவும் வாங்க, ஊரச் சுத்திக் காட்டுறேன்" என்றாள். விருதுநகரில் ரயில் ஏறினோம். இரண்டு நாள் பூங்கா, கோயில், கண்ணாடிக் கட்டடம் என்று காட்டினாள். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பெரிய கடைக்கட்டடத்துக்குள் கூட்டிப்போய் நாலு மாடி ஏற்றினாள். படி நகர்கிறது, மனுஷன் நிற்கிறான். மேலே ஒரு சீனா சாப்பாட்டுக் கடை.

உட்கார வைத்தாள் பாருங்கள், அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். சுவரோடு சேர்த்து அடித்த மெத்தைப் பெஞ்சு. முன்னால் வட்ட மேசை, அதுவும் தரையோடு முடுக்கியது. என்னை உள் மூலைக்குத் தள்ளினாள். எனக்கு அடுத்துப் பேச்சி, அவளுக்கு அடுத்து இவள். நான் எழுந்து வெளியே போக வேண்டுமானால் எல்லாரும் எழுந்து வழிவிட வேண்டும். பட்டியில் செம்மறியைக்கூட அப்படி அடைக்க மாட்டோம், வாசல் பக்கம் தலை இருக்கும்.

மூங்கில் கூடையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொண்டு வந்து வைத்தான். டிம்சம் என்று பெயராம். மூடியைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கிறது. உள்ளே வெள்ளை வெள்ளையாக நாலு உருண்டை. தோல் கண்ணாடி மாதிரி, உள்ளே இருக்கிற இறால் தெரிகிறது. நெருப்பே படாமல் மூடிபோட்டு ஆவியிலேயே வேகவைப்பார்கள் என்று மகள் சொன்னாள். "நம்ம ஊருக் கொழுக்கட்டதான?" என்றாள் பேச்சி. கொழுக்கட்டை என்றால் தேங்காயோ எள்ளோ, ஏதோ ஒன்று நாக்கில் தட்டுப்பட வேண்டாமா. நான் ஒன்றை வாயில் போட்டேன். வழுக்கிக்கொண்டு போனது. உப்புமில்லை, உறைப்புமில்லை. ஈரத் துணியை மென்ற மாதிரி. தொட்டுக்கொள்ளக் கறுப்பாக ஒரு தண்ணீர் வைத்திருந்தான், அது புளித்த காடி. எடுத்துச் சாப்பிட இரண்டு குச்சி. காலையில் ஒரு இட்லியோடு கிளம்பினவனுக்கு இதுதான் மத்தியானச் சாப்பாடு.

அந்த நேரத்தில்தான் அவர்கள் வந்தார்கள்.

நல்லகண்ணு, அவன் பெண்சாதி சங்கரம்மாள், மகன் முனீஸ்வரன். மூன்று பேரும் நேராக எங்கள் மேசைக்கு வந்து எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். வழி அடைபட்டது.

நல்லகண்ணுவை எனக்கு நேற்று இன்று தெரியாது. அவன் அப்பன் எங்கள் அப்பாவிடம் பண்ணைக்கு இருந்தவன். இவன் சிறுவயதில் எங்கள் மாடு மேய்த்திருக்கிறான். பிறகு படித்து, கரண்ட் ஆபீஸில் வேலைக்குப் போய், இப்போது ஓய்வாகிப் பாளையம்பட்டியில் மாடி வீடு கட்டி இருக்கிறான். அவன் அப்பன் எங்கள் அப்பாவைச் சாமி என்பான். இவன் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, சௌக்கியமா இருக்கீகளா?" என்றான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"அப்பா, இவுகதான் முனீஸ்வரனோட அப்பா அம்மா" என்றாள் மகள். பேச்சியைப் பார்த்தேன். அவள் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. சுற்றிப் பார்க்கக் கூட்டி வந்தது இதற்காகத்தான். ஊரில் வைத்துப் பேசினால் நான் எழுந்து போய்விடுவேன். அதனால் எழ முடியாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறாள்.

"கை கழுவணும், கொஞ்சம் வழி விடு" என்றேன்.

"இங்கயே சுடுதண்ணியில நனைச்ச துண்டு தருவாகப்பா. உக்காருங்க."

உட்கார்ந்தேன். முனீஸ்வரன் என் முன்னால் கூடையை நகர்த்தி வைத்தான், தண்ணீர் ஊற்றினான். பையன் மேல் எனக்குக் குறை கிடையாது. இன்றைக்கும் கிடையாது. அவன் வேறு வீட்டில் பிறந்திருந்தால் நானே தேடிப் போயிருப்பேன்.

நல்லகண்ணு இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு சொன்னான். "அண்ணாச்சி, பிள்ளைக ரெண்டும் மூணு வருசமாப் பழகுதுக. ஓடிப்போயிப் பண்ணிக்கிட மாட்டோம், பெரியவுக சம்மதம் வேணும்னு ரெண்டும் ஒத்தக் கால்ல நிக்குது. நீங்க வேணாம்னா வேணாம். எந்திரிச்சுப் போயிருவோம்."

நான் இன்னொரு உருண்டையை வாயில் போட்டு மென்றேன். சப்பென்று இருந்தது.

சங்கரம்மாளும் ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். முகம் கோணிப்போனது. "ஆத்தாடி, இதுல என்னத்தக் கண்டு இந்த விலைக்கு விக்கிறான். உப்பும் இல்ல, ஒறைப்பும் இல்ல. எங்க வீட்டு நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிரும்" என்றாள். பேச்சி சிரித்துவிட்டாள். மகளும் சிரித்தாள். அப்போது சங்கரம்மாள் தன் துணிப்பையைத் துழாவி ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். பூண்டும் மிளகாய் வற்றலும் வைத்து அரைத்து, நல்லெண்ணெயில் வதக்கின துவையல். ரயில் சாப்பாட்டுக்கு என்று வீட்டிலிருந்து கொண்டு வந்தது. மூடியைத் திறந்ததும் அந்தக் கடை முழுக்க வாசம்.

"அண்ணே, வீட்ல அரைச்சது. தொட்டுக்கிருவீகளோ மாட்டீகளோ" என்று என் தட்டு ஓரத்தில் ஒரு கரண்டி வைத்தாள்.

பேச்சி கையில் எடுத்த உருண்டையைக் கீழே வைத்தாள். சாதாரணமாகத்தான் வைத்தாள். ஆனால் அது அவர்கள் வீட்டில், அவர்கள் அம்மியில் அரைத்தது. தொட்டால் என்ன அர்த்தம் என்று அந்த மேசையில் இருந்த ஆறு பேருக்கும் தெரியும்.

நான் குச்சியைக் கீழே வைத்தேன். உருண்டையைக் கையால் எடுத்தேன். துவையலில் தொட்டேன். சாப்பிட்டேன்.

ஒன்றோடு நிறுத்தவில்லை. ஏழு சாப்பிட்டேன். பேச்சி ஒன்பது என்கிறாள். துவையல் தீர்ந்ததும் தட்டை நானே சங்கரம்மாள் பக்கம் நகர்த்தினேன் என்றும் சொல்கிறாள். இருக்கலாம்.

நல்லகண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எங்க வீட்டுப் பண்டத்துல அண்ணாச்சி கை நனைச்சிட்டாக. இனி என்ன பேச்சு இருக்கு" என்றான். என்னைப் பார்த்து எல்லாரும் காத்திருந்தார்கள். நான் "ம்" என்றேன். வாய் நிறைய உருண்டை. அந்த நேரத்தில் வேறு என்ன சத்தம் வரும்.

மகள் போனை எடுத்துப் படம் பிடித்தாள். நான் துவையலைத் தொட்டு வாய்க்குக் கொண்டுபோகிற மாதிரி.

ஊர் வந்த பிறகு நான் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சும்மா விட்டால் ஆறிவிடும் என்று இருந்தேன். ஆனால் முனீஸ்வரனுக்கு ஒரு தங்கச்சி, சுமதி. அவள் அந்தப் படத்தைத் தன் போனில் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறாள். பங்குனிப் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். என் பங்காளி மகன் வெள்ளத்துரை வந்து போனை நீட்டினான்.

"சித்தப்பா, தொவையல் எப்பிடி? காரம் தூக்கலா, மட்டா?"

படத்தைப் பார்த்தேன். எண்ணெய் என் விரலில் வழிந்திருந்தது.

"ஏலே, சித்தப்பாவ அப்பிடிக் கேக்காத" என்றான் இன்னொருத்தன். "அவுக அம்மி நல்ல அம்மியான்னு கேளு."

கடையே சிரித்தது. கடைக்காரனும் சிரித்தான். ஐம்பது வருஷமாக நான் உட்காருகிற பெஞ்சு அது. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். ஆனால் எழுந்து எங்கே போவது தாயி. முன்னால் போனால் ஊர் சிரிக்கிறது. பின்னால் போனால் கை நனைத்த வார்த்தை நிற்கிறது. அந்த மூலைப் பெஞ்சிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வழிவிட வேண்டியது ஒருத்தர்தான். நானாக மாற்றிப் பேசினால் வார்த்தை தவறியவன் ஆவேன். என் மகளே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் குறை இல்லை. இது நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

சித்திரையில் போன் போட்டேன். "குலசாமிக்குப் பொங்கல் வைக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி செய்யணும், வா" என்றேன். கல்யாணம் என்ற வார்த்தையை நான் சொன்னதும் அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. வருகிற வழியில் பாளையம்பட்டியில் இறங்கி அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். நான் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நின்றேன். "அப்பா, ஒங்களுக்குப் பிடிச்சதுன்னு அத்தை குடுத்துவிட்டாக" என்று பெரிய பாட்டிலாகத் துவையல் கொண்டு வந்திருந்தாள். கல்யாணம் முடியவில்லை, அதற்குள் அத்தை.

வீட்டுக்குப் போகவில்லை. "தோட்டத்தப் பாத்துட்டுப் போவோம்" என்றேன். எங்கள் போர் வற்றி நாலு வருஷம். மோட்டாரைக் கழற்றியாகிவிட்டது. மோட்டார் ரூம் மட்டும் நிற்கிறது. தகரக் கூரை, இரும்புக் கதவு, கம்பி ஒன்று போன ஜன்னல். அதில் சொம்பு நுழையும், ஆள் நுழைய முடியாது. சுற்றிலும் கருவேலங்காடு. "உள்ள வெத மூட்டை நனைஞ்சிருக்கான்னு பாரு" என்றேன். பார்க்கப் போனாள். கதவைச் சாத்திப் பூட்டினேன். போன் வண்டியில் மாட்டியிருந்த அவள் பையில் இருந்தது. சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

நாலு நாள் என்று கணக்கு. அதற்குள் மனசு மாறிவிடும். அடிக்கவில்லை, வையவில்லை. பேச்சியிடம், மல்லாங்கிணற்றில் என் தங்கச்சி வீட்டில் விட்டு வந்திருக்கிறேன் என்றேன்.

முதல் நாள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் நாள் காலையில் கம்மங்கூழும் ஒரு சொம்புத் தண்ணீரும் ஜன்னல் திட்டில் வைத்தேன். அவள் வந்து பார்த்தாள். தொடவில்லை.

"குடி" என்றேன்.

"பேசத்தான கூட்டிட்டு வந்த. பேச்சு முடியட்டும்ப்பா. அதுவரைக்கும் நானும் கை நனைக்க மாட்டேன்" என்றாள்.

கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெங்களூரில் இருந்தாலும் முறை தெரிந்தவள். கூழையும் தண்ணீரையும் சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் கத்திரி வெயில். காலையில் மறுபடியும் ஒரு சொம்புத் தண்ணீரைத் திட்டில் வைத்தேன், அதையும் தொடவில்லை. அந்த ரூம் தகரம் தொட்டால் கை பொத்துப்போகும். நான் வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்து மத்தியானச் சோறு சாப்பிட்டேன். பழைய சோறு, தொட்டுக்கொள்ள ஒன்றும் கொண்டு போகவில்லை. அவள் பையில் அந்தப் பாட்டில் இருந்தது. கெட்டுப்போகட்டும் என்று விட எனக்கு மனசு வராது. திறந்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. மெதுவாகத்தான் வந்தது.

"அப்பா. தொவையல் வாசம் வருது."

நான் மென்றுகொண்டிருந்தேன்.

"ரெண்டாந்தரம் கை நனைக்கிறப்பா நீ" என்றாள். சிரித்த மாதிரிக் கேட்டது.

நான் எழுந்து போய் ஜன்னல் திட்டில் இருந்த சொம்பை எடுத்துக்கொண்டேன். கோபத்தில் இல்லை. பேச்சு முடிந்தால்தானே தண்ணீர்.

வெயில் சாய்கிற நேரத்துக்கு அவளே கேட்டாள். "தண்ணி குடுப்பா. தண்ணி மட்டும்."

"பேச்சு முடிஞ்சுதா?" என்றேன்.

பிறகு, "அது நீ அன்னைக்குச் சாப்பிட்டப்பவே முடிஞ்சிருச்சுல்லப்பா" என்றாள்.

சொம்பு என் கையில்தான் இருந்தது. ஜன்னலுக்கும் எனக்கும் மூன்று எட்டு. அவள் மட்டும் "வேண்டாம், அவனைக் கட்டிக்கவில்லை" என்று சொல்லியிருந்தால் போதும், கதவையே திறந்திருப்பேன். அவள் சொல்லவில்லை. நான் தண்ணீரை வேப்பமர மூட்டில் ஊற்றினேன். தண்ணீரை வீணாக்கி எனக்குப் பழக்கமில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பேச்சி என் தங்கச்சிக்குப் போன் போட்டிருக்கிறாள். மகள் அங்கே போகவில்லை என்று தெரிந்த பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாளாக நான் சோற்றோடு தோட்டத்துக்குப் போவதைப் பார்த்தவள், கடப்பாரையை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்கு நடந்தாள். சாவி தருகிறேன் என்று பின்னாலேயே போனேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் பூட்டை உடைத்தாள். கதவு திறந்ததும் உள்ளேயிருந்து அனல் வந்து முகத்தில் அடித்தது. கூடையைத் திறந்த மாதிரி. என் மகள் ஜன்னலுக்குக் கீழே, சொம்பு இருந்த திட்டைப் பிடித்தபடி கிடந்தாள்.

தற்கொலை என்று எழுத வேண்டாம். நானும் முதலில் அப்படித்தான் சொன்னேன், கூழை வைத்தும் குடிக்கவில்லையே என்று. இப்போது சொல்கிறேன். அடைத்தது நான். சாவி என்னிடம். கடைசியாக அவள் கேட்ட தண்ணீரைக் கொடுக்காமல் மரத்துக்கு ஊற்றியதும் நான். மூன்றையும் போட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் இரண்டு தரம் கேட்டுவிட்டீர்கள். அன்றைக்குப் பெங்களூரில் சம்மதித்துத்தான் அந்தத் துவையலைத் தொட்டேனா என்று. வெளியே ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நிற்கிற நல்லகண்ணுவும் அதைத்தான் கேட்டான். காலையில் நான் ஜீப்பிலிருந்து இறங்கும்போது, "அண்ணாச்சி, வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா எந்திரிச்சுப் போயிருப்போமே" என்றான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். பசி தாயி. அவ்வளவுதான். வாய்க்கு ருசியில்லாமல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் மனுஷன் என்ன செய்வான்.

படித்துப் பார்த்துவிட்டேன். கையெழுத்துப் போட்டாயிற்று. ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அந்தச் சீனாக் கடைக்காரன் தன் பண்டத்தில் ஒரு கல் உப்பும் ரெண்டு மிளகாயும் சேர்த்திருந்தால் நான் அந்தத் துவையலைத் தொட்டிருக்க மாட்டேன், என் பிள்ளை இன்றைக்கு உயிரோடு இருக்கும். அதைச் சொன்னேன். நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள்.

சரி, எழுதாவிட்டால் போங்கள். அந்த டீயை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், ஆடை விழுந்துவிட்டது. என்னைப் பொறுத்தவரை பேச்சு இன்னும் முடியவில்லை. எங்கே கூட்டிப்போகணுமோ போங்கள், நான் வாரேன்.